தூரத்து மலையின் நிறம்

கீழச்சிவல்பட்டியில் தன் பெரிய வீட்டை வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக நடத்திவந்த ஆச்சி ஒருவர், சாப்பாட்டு அறைக்கு ஒரு படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் காரைக்குடியில் இருக்கிறேன். சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். அதை விட்ட பிறகு விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் படம் வரைந்து கொடுக்கிறேன். எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: செதுக்கு வேலைக் கதவு, தூண் வரிசை, தாமரைக் குளம். இந்த ஆச்சி கேட்டது வேறு.

"எங்க மொட்டைமாடியில நின்னா என்ன தெரியுமோ அது வேணும்" என்றார். "கண்மாய், பனை, அதுக்கு அங்குட்டு மலை. வர்றவுகள்ல பாதிப்பேருக்கு முழங்கால் வலி. படியேற மாட்டாம கீழயே உக்காந்திருக்காக. அவுகளும் சாப்புட்டுக்கிட்டே பாக்கட்டும்."

ஆச்சிக்கு அறுபத்தைந்து வயதுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள். மூத்த மகன் சென்னையில், இளையவன் சிங்கப்பூரில். வீட்டை நடத்துவது ஆச்சியும், சமையலைக் கவனிக்கும் ஒரு அக்காவும்தான். கூட்டிப் பெருக்கவும் துணி துவைக்கவும் ஆட்கள் வந்து போவார்கள். ஆச்சி நிமிர்ந்து நடப்பார், மெதுவாகப் பேசுவார், ஒரு வேலையைச் சொன்னால் அதை இரண்டாவது தடவை சொல்லமாட்டார்.

அப்போது ஐப்பசி மழை முடிந்திருந்தது. முதல் நாள் காலையில் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். கிழக்கேயும் தெற்கேயும் ஓடுகளும் மதில்களும்தான். வடமேற்கே பார்த்தால் வீடுகள் முடிந்து, செம்மண் பாதை ஒன்று போய்க் கண்மாய்க் கரையில் ஏறும். கரைக்கு உள்ளே தண்ணீர். அதற்கு அப்பால் சீமைக்கருவேலம், பிறகு வயல்கள், வயல் வரப்புகளில் பனைகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் பிரான்மலை. மழை கழுவிவிட்ட காற்றில் மலை அன்று நன்றாகத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது என்றால், வானத்தைவிட ஒரு பிடி அழுத்தமான நிறத்தில், ஈரத்துணியால் துடைத்த பலகையில் மிச்சமிருக்கும் சாக்கட்டிக் கோடு போலத் தெரிந்தது. அவ்வளவுதான் அதற்கு நிறம்.

எங்கள் ஊர்ப் பக்கம் தட்டை நிலம். தட்டை நிலத்தை வரைவது கஷ்டம். மலைநாட்டுக்காரர்களுக்கு ஒன்றின் பின் ஒன்றாக மடிப்பு மடிப்பாக மலை இருக்கிறது, இடையில் பனி இறங்குகிறது, ஆழம் தானாக வந்துவிடும். செல்போனில் நான் பார்த்த ஓவியப் பாடங்கள் எல்லாமே அப்படிப்பட்ட ஊர்களைப் பற்றியவை. முன்னால் கருப்பான ஊசியிலை மரம், பின்னால் சாம்பல் மரம், அதற்கும் பின்னால் நீல மரம் என்று ஒரு சின்னப் பெண்கூடப் போட்டுக் காட்டிவிடுகிறாள். இங்கே மத்தியான வெயிலில் அந்த விதி வேலை செய்யாது. தூரத்தில் இருப்பது நீலமாவதில்லை, வெளுத்துப்போகிறது. கோடையில் கொஞ்சம் செம்மண் தூசியும் சேர்ந்து, பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்துவிடும். மழைக்குப் பிறகு வரும் சில வாரங்களில், காலையில் மட்டும்தான் தூரம் நீலமாக இருக்கும். அந்தக் காலைகளைத்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காரைக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். அட்டையை நீளநீளமான துண்டுகளாக வெட்டி வைத்திருந்தேன். ஒரு நிறத்தைக் கலந்து அட்டையின் நுனியில் தடவி, கையை முழுக்க நீட்டி, மலைக்கு நேராகப் பிடிப்பேன். அட்டையின் விளிம்பு மலையோடு கரைந்து காணாமல் போனால் நிறம் சரி. கரையாமல் துருத்திக்கொண்டு நின்றால் தப்பு. முதல் அட்டை எப்போதும் அழுத்தமாகத்தான் போகும். மலை என்றால் பாறை, மரம், கருப்பு என்று மனதுக்குத் தெரியும், கை அதைக் கேட்டுக்கொண்டு கலக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் ஒரு துளி காவிப்பழுப்பு, மிச்சமெல்லாம் வெள்ளை. வெள்ளையைச் சேர்க்கச் சேர்க்க, 'இவ்வளவு வெளுப்பா இருக்குமா' என்று நமக்கே நம்பிக்கை இருக்காது. அட்டையை நீட்டிப் பார்த்தால் அதுவும் போதாது என்று தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. மலைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவில் தலைகீழாகப் பார்ப்பது. தலைகீழாகப் பார்க்கும்போது மலை, மரம் என்ற பெயரெல்லாம் போய்விடும், நிறம் மட்டும் மிஞ்சும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படி நான் குனிந்து நின்ற நேரத்தில்தான் ஆச்சி ஒரு நாள் படியேறி வந்தார். படிக்கட்டுச் சுவரில் ஒரு கையை வைத்தபடி நின்றார்.

"யாரு அங்க? என்னத்தத் தேடுற?"

"தேடல ஆச்சி. மலையப் பாக்குறேன்."

"மலை அங்குட்டுல இருக்கு. நீ எங்குட்டுப் பாக்குற?"

நிமிர்ந்து நின்று விளக்கிச் சொன்னேன். ஆச்சி சிரிக்கவில்லை. "அப்படிப் பாத்தா தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கிப் போனார். இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து வைத்தார். செங்குத்தான படி, வயதும் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படத்துக்கு எடுத்தது பெரிய கேன்வாஸ் துணி. சாப்பாட்டு அறைக்குப் பக்கத்து அறையில் சுவரில் சாய்த்து வைத்து வேலை செய்தேன். வானத்தை மேலே நீலமாகவும், கீழே இறங்க இறங்க வெளுப்பாகவும் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே மலையை வைத்தேன். அக்ரிலிக் வண்ணம் எங்கள் ஊர்க் காற்றுக்குச் சட்டென்று காய்ந்துவிடும். தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலையின் மேல் விளிம்பை உலர்ந்த தூரிகையால் லேசாகத் தடவி, வானத்தோடு சேர்த்துவிட்டேன். அதன் அடியில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு. தூரத்து மலையின் அடிவாரம் உச்சியைவிட மங்கலாகத்தான் இருக்கும், காற்றின் தூசியும் ஈரமும் தரையோடு தங்குவதால். பிறகு கடைசி வரிசைப் பனைகள், நகத்தால் கீறினது போல. அதற்கு முன் வரிசையில் தலை மட்டும் தெரியும்படி. கண்மாய்க் கரையில் நிற்கிற பனைக்கு வந்தபோதுதான் மரத்தில் வளையம் போட்டேன், மட்டையில் வெயில் போட்டேன். பாதையின் செம்மண்ணைக் கலப்பு இல்லாமல் கெட்டியாக வைத்தேன். முன்னால் சூடு, பின்னால் குளிர்ச்சி. முன்னால் கூர்மை, பின்னால் மழுங்கல். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் தட்டை நிலத்திலும் ஆழம் வரும்.

முடித்த அன்று அறையின் கடைசிக்குப் போய் நின்று பார்த்தேன். சுவர் இருப்பது மறந்துபோய், ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆச்சியைக் கூப்பிட்டேன்.

ஆச்சி வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கண்மாய் நல்லாருக்கு. பாதை நல்லாருக்கு. மலை எங்க?"

"இதோ ஆச்சி."

"எங்க?"

கையை வைத்துக் காட்டினேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். "மேகம் மாதிரில்ல இருக்கு. மலையா தெரியணும். இன்னும் அழுத்திப் போடு."

வாடிக்கையாளர்கள் இப்படிச் சொல்வது புதிதல்ல. தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீ சொல்றது சரி. ஆனா எனக்குத் தெரியணும்" என்றார். அடுத்த நாள் மலையை ஒரு படி அழுத்தினேன். வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். அதற்கும் அடுத்த தடவை, மலையைக் கண்மாய்க் கரைப் பனைக்குச் சமமான அழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நிமிடமே படம் செத்துப்போனது. மலை அடிவானத்திலிருந்து எழுந்து நடந்து வந்து, கண்மாய்க் கரைக்குப் பின்னால் குப்பைமேடு போல உட்கார்ந்துகொண்டது. ஆச்சி பார்த்தார். "இப்பத் தெரியுது" என்றார். முகத்தில் மகிழ்ச்சி. எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் புலம்பினேன். "அவுக வீட்டுச் சுவரு, அவுக மலை. உனக்கென்ன?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் படத்தின் கீழே என் கையெழுத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆச்சியை ஒருமுறை மாடிக்குக் கூட்டிப்போய், மலையையும் படத்தையும் ஒப்பிட்டுக் காட்டிவிட்டால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அதற்குள் தை பிறந்திருந்தது. நான் போன காலையில் பனி இறங்கி, ஊரே பால் ஊற்றினது போல இருந்தது. கண்மாய்த் தண்ணீர் தெரிந்தது, கரைப் பனைகள் தெரிந்தன, அதற்கப்பால் ஒன்றுமில்லை. வயலும் இல்லை, மலையும் இல்லை. இன்றைக்கு வேலை ஆகாது, வெயில் ஏறட்டும் என்று மாடியிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆச்சி காபித் தம்ளரோடு ஏறி வந்தார். கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மலை இருக்கும் திசையைச் சரியாகப் பார்த்தார்.

"இன்னைக்கு நல்லாத் தெரியுது பாரு" என்றார்.

நான் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். வெறும் வெள்ளை.

"மலையா ஆச்சி?"

"ஆமா. மழைக்கு அப்புறம் இப்படித்தான் தெரியும். அந்த எடதுபக்கத்துச் சரிவு, நடுவுல அந்த மொட்டைப் பாறை. சின்ன வயசுலருந்து பாக்குறேன்ல."

அவர் காபியை ஆற்றிக் குடித்தார். தம்ளரைச் சுவரின் மேல் வைக்கும்போது விரலால் சுவரின் விளிம்பைத் தடவித் தேடி, அப்புறம் வைத்தார். படியைக் காலால் தடவினது, படத்துக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனது, மாடியில் என்னை யாரென்று கேட்டது எல்லாம் ஒன்றாகக் கூடி வந்து நின்றன. அவர் மலையை அழுத்தச் சொன்னது ரசனைக் குறைவால் அல்ல. வெளிர்நீலத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவர் கண்ணுக்கு இல்லாமல் போயிருந்தது. மாடியில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகத்தில் இருந்த மலையை.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் படம் போட வந்தவள். அவர் பெரிய வீட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். ஆனால் அந்தப் படியை நினைத்தால் பயமாக இருந்தது.

"ஆச்சி, தப்பா எடுத்துக்கிறாதீக. இன்னைக்குப் பனி. மலை தெரியல. எனக்கே தெரியல."

அவர் திரும்பவில்லை. வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்படியா" என்றார். கொஞ்சம் கழித்து, "கரைப் பனை?"

"அது தெரியுது."

"அதுவும் எனக்கு ஒரு கறுப்பாத்தான் தெரியுது."

மாடியிலேயே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பேசினோம். ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறதாம். முதலில் வெயிலில் கண் கூசியது. பிறகு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. செல்போன் எழுத்து போனது, பிறகு கணக்குப்பிள்ளையின் எழுத்து போனது, அப்புறம் எதிரில் வருபவர் முகம். குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறாராம்.

"டாக்டர்கிட்டப் போகலையா ஆச்சி?"

"எங்க அப்பச்சிக்கும் இப்படித்தான் வளையத்துலதான் ஆரம்பிச்சுச்சு" என்றார். அப்பச்சி என்றது அவருடைய அப்பாவை. "கண்ணுல அழுத்தம்னாக. போன பார்வை போனதுதான், திரும்பாதுன்னு சொல்லிட்டாக. கடைசிப் பத்து வருசம் சாப்பாட்டுத் தட்டுல எது எங்க இருக்குன்னு நாங்க சொல்லணும். டாக்டரு அதே வார்த்தைய எங்கிட்டயும் சொல்லிட்டா நான் என்ன செய்ய? சொல்லாத வரைக்கும் கொஞ்சமாவது தெரியுதுல."

"மகன்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சென்னைக்கு வான்னுவான். வீட்ட யாரோ கம்பெனிக்குக் குத்தகைக்கு விடணும்னு பெரியவன் ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கான். கண்ணு தெரியலைன்னா எனக்குப் பேச என்ன இருக்கு?"

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. அவருக்கும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. ஆனால் ஆச்சிக்கு வந்திருப்பது அதுவா, அவர் பயப்படுவதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதையே சொன்னேன். "ரெண்டுக்கும் வளையம் தெரியும் ஆச்சி. புரையா இருந்தா எடுத்துரலாம். மத்ததா இருந்தா, இருக்குறதையாவது காப்பாத்த மருந்து இருக்காம். எதுவா இருந்தாலும் சும்மா இருந்தா நட்டந்தான்."

"நீ வருவியா?" என்று கேட்டார். "வெளிய சொல்லாம."

படத்துக்குச் சட்டம் போடும் மரம் பார்க்க மதுரைக்குப் போகிறோம் என்று சொல்லி, வாடகைக் கார் ஒன்றை வரச் சொன்னோம். கிளம்பும்போது சமையல் அக்கா டிபன் டப்பாவை என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆச்சி கண்ணுக்குத்தானே?" என்றார். நான் விழித்தேன். "எங்களுக்குத் தெரியாதா? அவுக கைக்குத் தட்டுப்படணும்னு உப்பு ஜாடியக்கூட ஒரு வருசமா இடம் மாத்தாம வச்சிருக்கோம். அவுக தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக, நாங்களும் அப்படியே விட்டுட்டோம்" என்றார்.

திருப்பத்தூர் தாண்டியதும் ஆச்சி, "வலதுபக்கம் மலை தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "எப்படி இருக்கு?" வெயில் ஏறிவிட்டதால் வெளுத்துக் கிடக்கிறது, உச்சி மட்டும் கொஞ்சம் நீலம் என்றேன். வழி முழுக்க இப்படிக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் எது கிட்டே, எது தூரம், எது என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஆனது. சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொன்னார்கள், ஒவ்வொரு அறையாக மாற்றினார்கள். ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் ஒரு பெண் டாக்டர் எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டுப் பேசினார். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது. அதை எடுத்துவிடலாம். இடது கண்ணில் அழுத்தமும் ஆரம்பித்திருக்கிறது. இதுவரை பெரிய சேதமில்லை. ஆனால் ஆயுசு முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும், நிறுத்தக்கூடாது.

"அப்ப எங்க அப்பச்சி மாதிரி ஆகாதா?" என்று ஆச்சி கேட்டார்.

"மருந்த விடாம போட்டீங்கன்னா ஆகாமப் பாத்துக்கலாம்மா. இன்னும் ஒரு வருசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

காருக்கு வந்து உட்கார்ந்ததும் ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேலூர் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னார். இட்லி காய்ந்து போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

முதல் கண் அறுவை முடிந்த மறுநாள்தான் மூத்த மகனுக்குத் தாமே போன் செய்து சொன்னார். மகன் அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய வயது, வந்ததும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"நீங்களாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொல்ல வேண்டாம்னு அவுக சொன்னாக. அவுக கண்ணு, அவுகதான் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார். குத்தகைப் பேச்சை அவர் விட்டுவிடவில்லை. அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார், அவ்வளவுதான். ஆச்சியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டாவது கண்ணும் ஆறி, கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்ட பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மாசி கடைசி. நான் உள்ளே நுழையும்போது ஆச்சி உள்முற்றத்து வளவில் நின்று, தூண்களின் உச்சியில் ஒட்டடை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக யாரும் அங்கே பார்க்கவில்லையாம். என்னைப் பார்த்ததும், "நீ இம்புட்டுச் சின்னப் பொண்ணா?" என்றார். நான் சின்னப் பெண் இல்லை, நாற்பத்தாறு வயது. எனக்குச் சிரிப்பு வந்தது.

படம் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார்.

"யாரு இந்த மலைக்குக் கறுப்பு அடிச்சது?"

"நீங்க சொல்லித்தான் ஆச்சி."

"நான் சொன்னா செஞ்சுருவியா?"

"மூணு தடவை சொன்னீக."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "காலையில மாடிக்குப் போனேன். மலை இருக்கா இல்லையான்னே தெரியாத மாதிரி இருந்துச்சு. அம்புட்டு லேசு. நான் மறந்தே போயிட்டேன். ஞாபகத்துல அது கறுத்துக்கிட்டே வந்திருச்சு போல." பிறகு எழுந்துபோய், ஒரு விரலால் காட்டி, "இந்த மூணாவது பனை இங்க இல்ல. கொஞ்சம் இங்குட்டு வரணும்" என்றார். அடுத்த நாள் நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

மலையைத் திருத்த உட்கார்ந்தேன். முழுக்க வெள்ளை அடித்துவிட்டு முதலிலிருந்து போடத்தான் நினைத்தேன். சோதனைக்காக ஒரு ஓரத்தில், வெள்ளையை நிறையத் தண்ணீரில் கரைத்து, பால் ஆடையைவிட மெல்லிதாக அந்தக் கறுப்பின் மேல் ஓட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் அந்த இடம் நீலமாக இருந்தது. நான் அதில் நீலம் ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. இருட்டின் மேல் மெல்லிய வெள்ளை போனால் நீலம் தெரியும் என்று எப்போதோ படித்திருக்கிறேன், அடுப்புப் புகை கரிச்சுவருக்கு முன்னால் நீலமாகத் தெரிவதுபோல. உண்மையான மலையும் அப்படித்தான் நீலமாகிறது. கறுத்த மரங்களுக்கும் நமக்கும் நடுவில் வெளிச்சம் பட்ட காற்று நிற்கிறது. படித்திருந்தேனே தவிர, இவ்வளவு பெரிய இடத்தில் செய்து பார்த்ததில்லை.

அதனால் மலையை அழிக்கவில்லை. ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு, அடிவாரத்தில் மட்டும் கூடுதலாக இன்னொன்று என்று மேலே மேலே காற்றைப் பூசிக்கொண்டே போனேன். ஆச்சி அவ்வப்போது வந்து பார்ப்பார். "இன்னும் அங்குட்டுப் போகணும்" என்பார். மலையைத் தள்ளிவிடுவதுபோல ஒரு கையால் சைகை செய்வார். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அதோடு நிறுத்திவிட்டேன். நான் முதலில் போட்ட மலையைவிட இது நல்ல மலை. அடியில் கறுப்பு இருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மேலே இருக்கும் வெளுப்புக்கு ஒரு கனம் வந்திருந்தது.

மாட்டும் நாளில் ஒரு சின்னத் தகராறு. ஆணி அடிக்க வந்த தச்சர், சாமி படம் மாட்டும் உயரத்தில் குறி வைத்தார். நான் இறக்கச் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக அடிவானம் வர வேண்டும், மேலே போனால் நிலம் சரிந்து தலையில் விழுவதுபோல இருக்கும் என்றேன். நாற்காலி முதுகு படத்தில் இடிக்கும் என்றார் தச்சர். இருவர் சொன்னதும் நியாயம். ஆச்சி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, வெறும் சுவரைப் பார்த்து, கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினார்.

"இங்குட்டு அடி. மேசைய நகத்திக்கலாம்."

சமையல் அக்காவும் தச்சரும் நானுமாக மேசையை நகர்த்தினோம். படம் ஏறியதும், இலை போடச் சொல்லி ஆச்சி உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய சொட்டு மருந்துக்கு நேரமாகியிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, தாமே இடது கண்ணில் விட்டுக்கொண்டு, மூடிய கண்ணோடு, "எல்லாரும் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம்.